இரத்த அழுத்தம்: ஓர் எல்லைக்கோட்டின் சரித்திரம்

மனிதனைப் பீடிக்கும் நோய்களில் இருவகை உண்டு. ஒருவகை, வந்த அன்றே தன் வருகையைப் பறைசாற்றிவிடும். மலேரியாக் குளிரும், வாந்திபேதியும், பல்வலியும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. மற்றொரு வகையோ, பல ஆண்டுகள் வீட்டினுள்ளே ஓசைப்படாது குடியிருந்து, ஒருநாள் கூரையோடு பெயர்த்துச் சாய்த்துவிடும். பொது ஜனங்கள் இரத்தக் கொதிப்பு என்றும், வைத்தியர்கள் இரத்த அழுத்தம் என்றும் கூறும் நோய் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததாகும்.

வலி கொடாத ஒன்றை நோய் என்று எங்ஙனம் அறிவது? எந்த அளவுக்கு மேற்பட்டால் அதை நோய் என்பது? அந்த அளவைக் கூறும் உரிமை யாருக்கு உண்டு? இம்மூன்று கேள்விகளுக்கும் உலகம் விடை தேடிய வரலாறே, இன்று சர்வதேச வைத்திய ஸ்தாபனங்கள் வெளியிடும் சிகிச்சை விதிகளின் வரலாறு. அதனை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வல்லரசின் தலைவரும் வாய்மூடிய நோயும்

1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ஆந் தேதி, ஐக்கிய அமெரிக்காவின் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஜார்ஜியா மாகாணத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் தமது ஓய்வு விடுதியில் அமர்ந்திருந்தார். திடீரென்று தலையில் கடும் வலி என்றார், நினைவிழந்தார், சில மணி நேரத்துள் மாண்டார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததே காரணம். அப்பொழுது அவருடைய இரத்த அழுத்தம் 300/190 என்று உடனிருந்த டாக்டர் அளந்து குறித்தார். அவருக்கு வயது 63.

உலகம் திடுக்கிட்டது. ஆனால் அந்த மரணம் திடீரென்று வந்ததன்று. 1937-ஆம் ஆண்டிலேயே அவருடைய அழுத்தம் 162/98 இருந்தது. 1941-இல் 188/105 ஆயிற்று. 1944 மார்ச்சு மாதத்தில் ஹோவர்டு புரூன் என்னும் இருதய வைத்திய நிபுணர் அவரைச் சோதித்தபொழுது 186/108 இருந்ததோடு, இருதயமும் களைத்துப் போயிருந்தது. ஆயினும் தலைவரின் சொந்த வைத்தியர் மக்களுக்கு அவர் சுகமாகவே இருக்கிறார் என்று கூறி வந்தார். புரூன் தம் குறிப்புகளை வெளியிட்டது 1970-ஆம் ஆண்டில்தான்.

இதனை ஒருவர் மீது குற்றஞ் சுமத்துவதற்காக நாம் இங்கே கூறவில்லை. உலகில் எவருக்கும் கிட்டாத வைத்திய வசதி அவருக்கு இருந்தது. பணம் இருந்தது; படை இருந்தது; கப்பற் படையின் ஆஸ்பத்திரியே வாசலில் காத்து நின்றது. இருந்தும், 162/98 என்ற எண்ணைக் கண்டவுடன் செய்யத்தக்கது இன்னதென்று கூறும் விதி ஒன்று அன்று உலகில் இல்லை. கொடுக்கத்தக்க மருந்தும் இல்லை. ஓய்வு, உப்புக் குறைந்த உணவு, இருதயத்துக்கு டிஜிட்டாலிஸ், மனத்தை அமைதிப்படுத்தும் மாத்திரை, இவ்வளவே புரூன் கையில் இருந்தவை. இன்று ஒரு சிற்றூர்க் கிளினிக்கில் ஏழைத் தொழிலாளி ஒருவர் பெறக்கூடிய சிகிச்சையை, அன்று உலகின் முதல் வல்லரசின் தலைவரால் பெற முடியவில்லை. இடையில் நிகழ்ந்தது என்ன?

அளவுகோல் பிறந்த கதை

அளக்க முடியாததை ஆராய முடியாது. ஆகவே கதை அளவுகோலில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். அவர் ஒரு பெட்டைக் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடை நாடியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை நிமிர்த்தி இணைத்தார். இரத்தம் அக்குழாயில் 8 அடி 3 அங்குல உயரம் ஏறி நின்றது. இருதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறியும் இறங்கியும் ஆடியது. 1733-இல் அவர் இதனை நூலாக வெளியிட்டார். இரத்தம் நாடியினுள் வெறுமனே ஓடவில்லை, அழுத்தத்தோடு உந்தப்படுகிறது என்பது கண்ணாற் காணும் உண்மையாயிற்று.

ஆயினும் மனிதனுடைய நாடியை அறுத்து யார் குழாய் செருகுவது? 1828-இல் பாரிஸ் நகரத்துப் புவாஸேய், நெடிய குழாய்க்குப் பதிலாகப் பாதரசத்தைப் பயன்படுத்தினார். பாதரசம் தண்ணீரைப் போல் ஏறக்குறைய 13 1/2 மடங்கு கனமுடையதாதலால், பல அடி உயரம் சில அங்குலத்துக்குள் அடங்கிற்று. இன்றும் நாம் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டர் கணக்கில் கூறுவது அவர் வழி வந்த பழக்கமே.

1896-இல் இத்தாலியில் டூரின் நகரத்து ரீவா-ரோச்சி என்பவர், கையைச் சுற்றிக் கட்டி ஊதும் ரப்பர்ப் பை ஒன்றை அமைத்தார். உடலைக் கீறாமல் அழுத்தத்தை அளக்கும் எளிய கருவி அதுவே. அவர் எடுத்துக்கொண்ட ரப்பர், சைக்கிள் சக்கரத்தின் உள்குழாய். ரப்பர்த் தோட்டங்களில் வியர்வை சிந்திய சமூகத்தவராகிய நமக்கு இச்செய்தி சிறிது சுவையானதே.

அந்தப் பையால் மேல் அளவை மட்டுமே சரிவர அறிய முடிந்தது. கீழ் அளவை அறியும் வழியைக் கண்டவர் நிக்கோலாய் கொரோட்காவ் என்னும் ருஷ்ய டாக்டர். ருஷ்ய-ஜப்பானிய யுத்தத்தில் காயமுற்ற வீரர்களின் நாடிகளை ஆராய்ந்தவர் அவர். கட்டிய பைக்குக் கீழே காதுக்குழலை வைத்துக் கேட்டால், காற்றைத் தளர்த்துகையில் ஓர் ஒலி எழும். பின்பு அது மறையும். எழுமிடம் மேல் அளவு. மறையுமிடம் கீழ் அளவு. 1905-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் அவர் இதனை அறிவித்த குறிப்பு ஒரு பக்கத்தையும் நிரப்பாது. ஆனால் அந்த ஒரு பக்கம், உலகெங்கும் டாக்டர்களின் கைகளில் நூறாண்டுக்கு மேலாகப் பயன்பட்டு வருகிறது.

மேல் அளவு என்பது இருதயம் சுருங்கி இரத்தத்தை உந்தும் வேளையில் உண்டாகும் அழுத்தம். கீழ் அளவு என்பது அது தளர்ந்து ஓய்வெடுக்கும் வேளையில் குழாய்களில் எஞ்சி நிற்கும் அழுத்தம். 120/80 என்று டாக்டர் எழுதுவதன் பொருள் இதுவே.

தொடவேண்டாம் என்ற காலம்

கருவி கிடைத்தது, கருத்துத் தெளியவில்லை. உயர்ந்த அழுத்தம் சிறுநீரக நோயின் நிழலே என்று முன்னோர் எண்ணியிருந்தனர். சிறுநீரகம் கெடாத மனிதரிடத்தும் அது தனித்துத் தோன்றக்கூடும் என்று 1870-ஆம் ஆண்டுகளில் எடுத்துக் காட்டியவர், லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய பிரடெரிக் அக்பர் முகம்மது. பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய தீன் முகம்மதுவின் பேரர் இவர். 35 வயதில், 1884-இல், குடற்காய்ச்சலால் மாண்டார். அவர் கூறியதை உலகம் மறந்து, பின்னர் மீண்டும் கண்டது.

இவ்வாறு காரணம் வெளிப்படாது தோன்றும் அழுத்தத்துக்கு 1911-இல் ஜெர்மன் வைத்தியர் ஒருவர் எஸென்ஷியல் என்ற அடைமொழி சூட்டினார். தானாகவே தோன்றியது என்பது அங்கே கருத்து. ஆனால் அச்சொல்லுக்கு இன்றியமையாதது என்ற மற்றொரு பொருளும் உண்டு. சொல்லின் இரண்டாம் பொருளே வைத்தியர் பலருடைய மனத்தில் வேரூன்றியது. வயது ஏற ஏறக் குழாய்கள் தடிக்கின்றன. தடித்த குழாயில் இரத்தம் செல்ல அதிக அழுத்தம் வேண்டும். ஆகவே அதனைக் குறைப்பது உறுப்புகளைப் பட்டினி போடுவதாகும் என்று அவர்கள் வாதித்தனர். 1931-இல் பாஸ்டன் நகரத்துப் பேர்பெற்ற இருதய நிபுணர் பால் டட்லி ஒயிட், அழுத்தம் உயர்வது உடல் தனக்குத்தானே செய்துகொள்ளும் ஈடாகவும் இருக்கலாம், அதில் கைவைக்கலாகாது என்ற கருத்தை எழுதினார். அதே ஆண்டில் லிவர்பூல் வைத்தியப் பேராசிரியர் ஜான் ஹே ஒரு படி மேலே சென்றார். அழுத்தம் உயர்ந்திருப்பது கண்டுபிடிக்கப்படுவதே நோயாளிக்கு நேரும் அபாயம். கண்டுபிடித்தால் எவனாவது ஒரு மூடன் அதைக் குறைக்க முனைவான் என்னும் கருத்துப்படக் கூறினார்.

இவர்கள் அறிவிலிகள் அல்லர். தங்கள் துறையில் தலைசிறந்தோர். ஆயினும் தவறினர். பெரியவர் சொன்னதனால் ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

இஃதிவ்வாறிருக்க, வைத்தியர் அறியாததை வியாபாரிகள் அறிந்திருந்தனர். ஆயுள் இன்ஷுரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மனிதர் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பது பணக் கணக்கு. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் கம்பெனியின் தலைமை வைத்தியர் ஜான் பிஷர், 1914-இல் தம் கம்பெனியின் கணக்கை வெளியிட்டார். அழுத்தம் உயர்ந்தவர்கள், உடலில் யாதொரு துன்பமும் உணராதபோதே, மற்றவர்களைக் காட்டிலும் விரைவில் மாண்டனர். தத்துவம் பேசியவர்கள் காணாததை, பேரேடு எழுதியவர்கள் கண்டனர். ஆனால் கம்பெனிகளின் நோக்கம் அம்மனிதர்களைக் காப்பதன்று. அவர்களுக்குப் பாலிசி மறுப்பதே.

கோடு எங்கே?

நிற்க. யுத்தம் முடிந்தபின் விஷயம் வேறு திசையில் திரும்பிற்று. 1948-இல் அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாகாணத்து பிரேமிங்காம் என்னும் ஊரில், அவ்வூர் மக்கள் 5,209 பேரைத் தேர்ந்து, அவர்கள் நலமாக இருக்கும்போதே அழுத்தத்தையும் பிறவற்றையும் அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரத் தொடங்கினர். உயர்ந்த அழுத்தம் இருதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் முன்னோடி என்பது அதனால் ஐயத்துக்கு இடமின்றி வெளியாயிற்று.

ஆனால் எத்தனைக்கு மேற்பட்டால் உயர்வு? இக்கேள்வியில் இங்கிலாந்தின் இரு பெரிய வைத்தியர்கள் 1950-ஆம் ஆண்டுகளில் கடுமையாக மோதினர். மான்செஸ்டர் நகரத்து ராபர்ட் பிளாட், இது தனியொரு நோய், பரம்பரையாய் வருவது, உள்ளவர் வேறு, இல்லாதவர் வேறு என்றார். ஜார்ஜ் பிக்கரிங் அதை மறுத்தார். மனிதருடைய உயரம் எப்படிப் படிப்படியாக வேறுபடுகிறதோ, அழுத்தமும் அப்படியே, இன்ன அடிக்கு மேல் நெட்டையர் என்று இயற்கை கோடு கிழிக்கவில்லை, அழுத்தத்திலும் கிழிக்கவில்லை, கோடு கிழிப்பவர் மனிதரே என்றார். பின்வந்த ஆராய்ச்சி பிக்கரிங் பக்கமே நின்றது. 115 என்ற மேல் அளவிலிருந்தே, அழுத்தம் ஏற ஏற அபாயமும் ஏறுகிறது. எந்த ஓர் எண்ணிலும் திடீரென்று குதிப்பதில்லை.

அன்பர்களே! இக்கட்டுரையின் உயிர் இவ்விடத்தில் உள்ளது. கோடு இயற்கையில் இல்லையென்றால், அது பொய்யா? இல்லை. எந்த இடத்தில் சிகிச்சையின் நன்மை அதன் தீமையைக் காட்டிலும் மிகுந்து நிற்கிறதோ, அந்த இடத்தில் கோடு இடவேண்டும். அந்த இடத்தை அறிவது வாதத்தால் ஆகாது, சோதனையால் ஆகவேண்டும்.

கோட்டை நகர்த்திய சாட்சியம்

சோதிப்பதற்கு முதலில் மருந்து வேண்டும். 1940-ஆம் ஆண்டுகளில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் கெம்ப்னர், ஹிட்லரின் ஜெர்மனியைவிட்டு வந்தவர், நோயாளிகளுக்கு உப்பின்றிச் சோறும் பழமும் மட்டுமே கொடுத்து அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார். அது அரிசியின் மகிமை என்று நாம் பெருமை கொள்ளவேண்டாம். பெரிதும் உப்பில்லாமையின் பலன். அவ்வுணவை நெடுநாள் சகித்தோர் சிலரே.

இந்தியாவில் சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் வெகுகாலமாக நாட்டு வைத்தியத்தில் வழங்கி வந்தது. அது அழுத்தத்தைத் தாழ்த்துகிறதென்று 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர் எழுதினர். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளிடம் அதனைக் கொடுத்து அளந்த கணக்கை ஆங்கில இருதய வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். பழைமையானது என்பதனால் அன்று, அளந்து காட்டப்பட்டது என்பதனாலேயே உலகம் அவ்வேரை ஏற்றுக்கொண்டது. 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தில் அதன் சத்தாகிய ரிஸர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1950-ஆம் ஆண்டுகளின் இறுதியில், உப்பையும் நீரையும் சிறுநீரில் கழிக்கும் குளோரோதயசைடு மாத்திரையும் வந்து சேர்ந்தது.

மருந்து கிடைத்தது. உயிர் காக்கிறதா? அமெரிக்காவில் எட்வர்டு பிரைஸ் என்பவரின் தலைமையில், முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இதனைச் சோதித்தன. கீழ் அளவு 115 முதல் 129 வரையிருந்த 143 ஆடவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும், மற்றதற்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் கொடுத்தனர். எது யாருக்கென்று நோயாளியும் அறியார். கொடுக்கும் டாக்டரும் அறியார். 1967-இல் முடிவு வெளியாயிற்று. வெறும் மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குக் கொடிய விபரீதங்கள் நேர்ந்தன. அவருள் 4 பேர் மாண்டனர். மருந்து உண்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே விபரீதம், சாவு இல்லை. அம்மருந்துகளுள் நம் சர்ப்பகந்தா வேரின் சத்தும் ஒன்று.

1970-இல், கீழ் அளவு 90 முதல் 114 வரையிருந்த 380 பேரின் முடிவு வந்தது. இந்நோயின் தொடர்பாக, வெறும் மாத்திரைப் பிரிவில் 19 பேர் மாண்டனர். மருந்துப் பிரிவில் 8 பேர். கைவைக்கலாகாது என்ற ஏறக்குறைய நாற்பதாண்டு வாதம் அத்துடன் தகர்ந்தது. எந்த மேதையின் சொல்லும் அதனைத் தகர்க்கவில்லை; பெயர் தெரியாத 523 முன்னாள் வீரர்களின் உடல்கள் கூறிய சாட்சியமே தகர்த்தது.

ஆனால் சாட்சியம் ஒரு பக்கம் மட்டும் பேசுவதன்று. 1985-இல் பிரிட்டனில் 17,354 பேரிடம் நடந்த பெருஞ்சோதனையில், அழுத்தம் சிறிதே உயர்ந்த 850 பேர் ஓராண்டு மருந்து உண்டால் ஒருவருக்கு மட்டுமே பக்கவாதம் தடுக்கப்படும் என்று தெரிந்தது. மற்றவர்களில் சிலர் மருந்தின் துன்பங்களையும் அனுபவித்தனர். ஆகவே எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் மாத்திரை என்பதும் அறிவன்று. ஒருவருடைய மொத்த அபாயத்தை எடைபோட்டே முடிவு செய்யவேண்டும் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது.

முதியோர் விஷயத்தில் மற்றொரு மூடக்கொள்கை இருந்தது. வயதோடு 100-ஐக் கூட்டினால் வரும் தொகையே சரியான மேல் அளவு என்பது அது. 70 வயதினருக்கு 170 இயல்பு என்று ஆறுதல் கூறி வந்தனர். 1991-இல், 60 வயதுக்கு மேற்பட்ட 4,736 பேரைக் கொண்ட அமெரிக்கச் சோதனை, மேல் அளவு மட்டும் உயர்ந்தவர்களுக்கும் மருந்து கொடுத்தால் பக்கவாதம் 100-க்கு 36 பங்கு குறைகிறது என்று காட்டியது. 2008-இல் 80 வயது கடந்தோரிடமும் அத்தகைய நன்மை காணப்பட்டது. கிழவர் கிழவியருக்கு இனி என்ன வைத்தியம் என்ற அலட்சியம், கணக்கின் முன் நிற்கவில்லை.

உலக விதிகள்

சாட்சியங்கள் பெருகப் பெருக, அவற்றைத் திரட்டி விதியாக்கும் வேலை தொடங்கிற்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 1959-இலேயே இந்நோயை வகைப்படுத்தும் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 1966-இல் சர்வதேச இரத்த அழுத்தச் சங்கம் தோன்றியது. 1977-இல் அமெரிக்கத் தேசியக் குழு முதல் சிகிச்சை விதிகளை வகுத்தது. அது கீழ் அளவையே முக்கியமாகக் கொண்டு, 105 எட்டியவர்களுக்கெல்லாம் மருந்து கொடுக்குமாறு கூறிற்று. 1978-இல் உலக சுகாதார ஸ்தாபனம் 160/95 என்பதை எல்லையாக வைத்தது. 1999-இல் அந்த ஸ்தாபனமும் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட விதிகளில் எல்லை 140/90 ஆயிற்று.

2015-இல் அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் என்னும் சோதனை, மேல் அளவை 140-க்குக் கீழே வைப்பதைக் காட்டிலும் 120-க்குக் கீழே இறக்க முயன்றால், அபாயம் மிகுந்தவர்களிடையே சாவு 100-க்கு 27 பங்கு குறைகிறது என்றது. மயக்கமும் சிறுநீரகச் சேதமும் சிறிது மிகுந்தன என்பதையும் அது மறைக்கவில்லை. 2017-இல் அமெரிக்கச் சங்கங்கள் எல்லையை 130/80 ஆகத் தாழ்த்தின. அதனால் அந்நாட்டு வயது வந்தோரில் 100-க்கு 32 பேராக இருந்த நோயாளிகள், ஒரே நாளில் 46 பேராயினர்! ஒருவருடைய உடலும் மாறவில்லை, கோடு மாறிற்று. ஐரோப்பியச் சங்கங்கள் 2018-இல் 140/90 என்ற எல்லையை விடாது வைத்துக்கொண்டன. 2024-இல் ஐரோப்பிய இருதய வைத்தியச் சங்கம் அதற்குக் கீழே, 120/70 முதல் 139/89 வரை, உயர்ந்த நிலை என்ற ஓர் இடைப்படியையும் சேர்த்தது.

வைத்தியருக்குள்ளேயே ஒற்றுமையில்லை, நாம் எதை நம்புவது என்று சிலர் ஏளனம் செய்வர். அது பிழை. அவர்கள் காணும் சாட்சியம் ஒன்றே. அபாயத்தின் எடையிலும், நாட்டின் பொருள் வசதியிலும், மருந்தின் தொல்லையைப் பொறுக்கும் அளவிலும்தான் கருத்து வேறுபடுகிறது. 160/100 உள்ளவருக்குச் சிகிச்சை வேண்டுமா என்பதில் எந்தச் சங்கத்துக்கும் வேற்றுமை இல்லை. ஓரத்தில் நடக்கும் வழக்கைக் காட்டி நடுவிலிருப்பதை மறுப்பது, வரப்புத் தகராற்றைக் காட்டி வயலே இல்லையென்பது போலாகும்.

நாம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை இரண்டு விதிகள். 2020-இல் சர்வதேச இரத்த அழுத்தச் சங்கம் உலகமனைத்துக்கும் பொதுவான விதிகளை வெளியிட்டபோது, ஒவ்வொரு பகுதியிலும் இரு தரங்களை வகுத்தது. ஒன்று, வசதி மிகுந்த இடத்துக்கு உகந்த உயர்தரம். மற்றொன்று, வசதி குறைந்த இடத்திலும் கைவிடலாகாத இன்றியமையாத தரம். பாருங்கள்! ஒரு காலத்தில் நோயை இன்றியமையாதது என்று கூறி மனிதனைச் சாகவிட்ட அதே எஸென்ஷியல் என்னும் சொல், இன்று ஏழைக்குக் கிடைத்தே தீரவேண்டிய சிகிச்சையின் பெயராயிற்று. இந்நோயின் சரித்திரம் முழுவதும் இந்தச் சொல்லின் பொருள் மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

2021-இல் உலக சுகாதார ஸ்தாபனம் மருந்துச் சிகிச்சைக்கான விதிகளை வகுத்தது. 140/90 உறுதிப்பட்டால் மருந்து தொடங்கலாம். இருதய நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மேல் அளவு 130 ஆனாலே தொடங்கவேண்டும். கூடுமானால் இரு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இலக்கை எட்டும் வரை மாதந்தோறும், பின்பு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. இன்னொன்றும் அதில் உண்டு. தக்க பயிற்சியும், மருந்து எழுதும் அதிகாரமும், டாக்டரின் மேற்பார்வையும் இருக்குமானால், நர்ஸுகளும் மருந்தாளரும் இச்சிகிச்சையை நடத்தலாம் என்று அது அனுமதிக்கிறது. முன்னாளில் டாக்டரின் முகத்தை மாதத்தில் ஒருநாள் கண்டு, மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸரையே நம்பியிருந்த தோட்டத்து மக்களின் வழிவந்தவர்களுக்கு, இவ்விதியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

நமக்கு என்ன?

உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் ஏறக்குறைய 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்று 2021-இல் கணக்கிட்டனர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைந்தோர், தமக்கு அது இருப்பதையே அறியார். 5 பேரில் ஒருவருக்கே அது அடங்கியிருக்கிறது. மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய ஆய்வு, வயது வந்தோர் 10 பேரில் 3 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறிற்று. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் அதை அறியாதிருந்தனர். ரூஸ்வெல்ட்டுக்கு மருந்து இல்லை. நமக்கு மருந்து இருக்கிறது, அளவு தெரியவில்லை. அளவு தெரிந்தோரிலும் பலர், தலைவலி இல்லையே, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். உடம்பு நன்றாயிருப்பது மாத்திரையால் என்பதை மறக்கின்றனர்.

அளப்பதற்கும் முறை உண்டு. அளக்கும் முன் அரைமணி நேரம் புகையிலையும் காப்பியும் கூடா. 5 நிமிஷம் பேசாமல் அமர்ந்திருக்கவேண்டும். முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் ஊன்றி, கை இருதயத்தின் மட்டத்தில் இருக்கவேண்டும். கைப்பருமனுக்கு ஏற்ற பை வேண்டும். 2 அல்லது 3 முறை அளக்கவேண்டும். மிகக் கடுமையாக உயர்ந்திருந்தாலன்றி ஒரு நாள் அளவைக்கொண்டே நோயென்று முடிவு செய்யலாகாது. சில வாரங்களுக்குள் மறுபடியும் அளந்து உறுதி செய்யவேண்டும்.

உணவிலும் உலக விதி ஒன்று உண்டு. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், அடங்கவேண்டும். 1988-இல் 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த 10,079 பேரை ஆராய்ந்தபொழுது, உப்பை ஏறக்குறைய அறியாத அமேஸான் காட்டு யானோமாமி மக்களிடம் அழுத்தம் மிகத் தாழ்ந்திருந்ததும், வயதோடு அது ஏறாதிருந்ததும் தெரிந்தன. வயதானால் கொதிப்பு வரத்தான் செய்யும் என்பது இயற்கை விதியன்று என்பதற்கு அவர்களே சாட்சி. நம் தட்டிலுள்ள கருவாட்டையும், ஊறுகாயையும், சோயா ரசத்தையும் இக்கண்கொண்டு ஒருமுறை பார்ப்போமாக.

நண்பர்களே! எண்கள் மாறுகின்றன என்று கேலி செய்வோருக்கு நாம் கூறும் விடை இதுவே. மாறாதது மரபு, ஆராய்ந்து மாறுவது அறிவு. 160 என்று கூறியவர்கள் 140 என்று திருத்தினார்கள். தாங்கள் முன்னர் கூறியது போதாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் விதியை நம்பலாம்; ஒருநாளும் தவறாதென்று சொல்லிக்கொள்ளும் விதியைத்தான் ஐயுறவேண்டும்.

இக்கட்டுரையை வாசித்து முடிக்கும் வாசகர், தம் வீட்டில் 40 வயது கடந்தோர் யாவரென்று எண்ணிப் பார்க்கட்டும். அவர்களுடைய அளவு என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்கட்டும். தெரியாது என்று விடை வந்தால், அடுத்த ஓய்வு நாளில் அவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லட்டும். மாத்திரை உண்போர் டாக்டரைக் கேளாமல் ஒரு நாளும் நிறுத்தாதிருக்கட்டும். ஒரு வல்லரசின் தலைவருக்குக் கிட்டாத வாய்ப்பு நம் வாசற்படியில் நிற்கிறது. அதனை வீணாக்குவோமாயின், பின்னர் விதியை நோவதில் பயனில்லை.